மண்டபம் போய் மீன் பார்ப்போம்: கண்ணாடித் தொட்டியில் யாரோடு யாரை விடலாம்?

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளியைத் தாண்டியதும் நிலம் ஒடுங்கத் தொடங்குகிறது. வயல்கள் மறைந்து தென்னையும் பனையும் உடைமரமும் மணலுமாக மாறுகின்றன. மண்டபத்தை நெருங்கும்போது இடது பக்கம் ஒரு கடல், வலது பக்கம் ஒரு கடல். வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. ஆடி மாதத்தில் போகிறவர்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். கச்சான் காற்றில் தெற்குக் கடல் நுரைத்துக்கொண்டு அலையடிக்கும். சில கிலோமீட்டர் தள்ளி வடக்குக் கடல் கண்மாய் போலக் கிடக்கும். கார்த்திகையில் வாடை அடிக்கும்போது இது தலைகீழாகிவிடும். அந்தப் பகுதி மக்கள் தெற்கே உள்ளதை ஆண் கடல் என்றும் வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள்.

பயிர் செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வீட்டில் வண்ண மீன் தொட்டி வைக்கும் பழக்கம் இன்று கிராமங்களுக்கும் வந்துவிட்டது. கப்பி, மோலி, தங்க மீன் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்ததாக உப்புநீர்த் தொட்டி, பவளப்பாறை மீன் என்று ஆசைப்படுகிறார்கள். எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு விடை தேட மண்டபத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. அந்த மீன்கள் எந்த வீட்டில், யாரோடு, எதைத் தின்று வாழ்கின்றன என்பதை அங்கே நேரில் தெரிந்துகொள்ளலாம்.

மண்டபம் முகாம் என்ற பெயரில் உள்ள 'முகாம்' பழைய கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்து, அம்மை, காலரா போன்ற நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் இந்த முகாமுக்கு வந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறும் வரை நாட்டின் கடல் மீன் ஆராய்ச்சிக்கு மண்டபம்தான் தலைமையிடம். இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இயங்குகிறது. கடல் விரால் மீனை நம் நாட்டில் முதன்முதலாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது 2010-ல் இந்த மையம்தான். கோமாளி மீன் என்று சொல்லப்படும் ஆரஞ்சு வெள்ளைப் பட்டை மீனின் குஞ்சு உற்பத்தி முறையும் இங்கும் கேரளத்து விழிஞ்ஞம் மையத்திலும் உருவாக்கப்பட்டதுதான். மையத்தின் காட்சிக்கூடத்தில் கண்ணாடித் தொட்டிகளில் உள்ளூர் மீன்களைப் பொதுமக்கள் பார்க்கலாம்.

அங்கே அவசரமில்லாமல் ஒவ்வொரு தொட்டி முன்பும் சற்று நேரம் நிற்க வேண்டும். எந்த மீன் ஓயாமல் முழுத் தொட்டியையும் சுற்றுகிறது, எது ஒரே கல்லைக் காவல் காக்கிறது, எது மணலிலேயே கிடக்கிறது என்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி கடலில் இருக்கிறது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்பார்கள். 1986-ல் இப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாம்பன் தீவின் குந்துகால் கரையில் நின்றால் எதிரே தெரிவது குருசடைத் தீவு. வனத்துறை அனுமதியில்லாமல் தீவுகளில் கால் வைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம். கரையோர மக்களிடம் பேசினாலே போதும். பாரின் கதை முழுக்க அவர்களுக்குத் தெரியும். துணியைச் சுற்றிய கைகளோடு மூழ்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் பெண்களுக்குத் தெரிந்த அளவு பாரின் சந்து பொந்துகள் வேறு யாருக்கும் தெரியாது.

கமுதிப் பக்கத்து முண்டு மிளகாய் விவசாயி ஒருவர் ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் வந்துவிட்டு, திரும்பும் வழியில் மனைவியோடும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளோடும் மண்டபம் தோணித்துறையில் இறங்கினார். சட்டைப்பையில் ஒரு துண்டுத் தாள். மகள் 'ஃபைண்டிங் நீமோ' படம் பார்த்ததிலிருந்து அந்த மீன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு கடைக்காரர் 2 அடித் தொட்டி, மோட்டார், விளக்கு, 7 மீன், ஒரு கடல் சாமந்தி, ஒரு பவளக் கல் எல்லாம் சேர்த்து ஒரே விலை பேசியிருந்தார். மிளகாய் விற்ற பணத்தில் உரக்கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு மீதமிருந்ததில் பெரும் பகுதி அதற்குப் போய்விடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

காற்றுக்கடல் என்பதால் தொழிலுக்குப் போகாமல் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவரிடம் தாளை நீட்டினார்.

"அண்ணே, இதெல்லாம் ஒரே தொட்டியில கிடக்குமா?"

"எம்புட்டுப் பெரிய தொட்டி தம்பி?"

"ரெண்டடி."

பெரியவர் சிரிக்கவில்லை. "வாசிங்க, ஒண்ணொண்ணாச் சொல்றேன்" என்றார்.

முதலில் கடமாட்டுக் குஞ்சு. மஞ்சள் நிறத்தில் பகடைக்காய் போல இருக்கும் அழகான குட்டி. "உசுரு மீன் வாளியில இதைப் போட்டுட்டா மத்ததெல்லாம் மிதக்கும் தம்பி" என்றார் பெரியவர். உண்மைதான். கடமாடு பயந்தாலும் அடிபட்டாலும் தோலிலிருந்து ஒரு விஷத்தைக் கசியவிடும். கடலில் அது கரைந்து போய்விடும். 50 லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அந்தத் தொட்டியின் மற்ற மீன்களும், சில நேரம் அதுவுமே, செத்துப்போகும்.

அடுத்து வண்ணத்துப்பூச்சி மீன். இந்த இனத்தில் பலவும் பவள உயிரிகளைக் கொத்தித் தின்று பிழைப்பவை. தொட்டியில் நாம் போடும் தீனியைத் தொடாமலே மெலிந்து சாகும். அதற்கு இரை வைப்பதென்றால் பவளத்தையே வைக்க வேண்டும்.

மூன்றாவது, படத்தில் 'டோரி' என்று வரும் நீல மீன். "இது எங்க பக்கத்து மீன் இல்ல. ஆனா வால்ல கத்தி வச்சிருக்கிற சாதி. நாள் முழுக்க ஓடுற மீனு, நிக்காது" என்றார் அவர். கடையில் 2 அங்குலக் குட்டியாக விற்கப்படும் அது ஓர் அடி நீளம் வரை வளரக்கூடியது. ஆறடித் தொட்டிகூட அதற்குத் தாராளம் இல்லை. உழவு மாட்டை கோழிக் கூண்டில் அடைப்பது போன்ற காரியம்.

பிறகு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி உள்ள கறுப்பு டாம்செல் இரண்டு. மலிவு, எளிதில் சாகாது. அதனால்தான் எல்லாக் கடைக்காரரும் பட்டியலில் சேர்க்கிறார்கள். குஞ்சாக இருக்கும்போது கடலில் கோமாளி மீனோடு ஒரே சாமந்தியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாது. வளர்ந்ததும் தொட்டியே தன்னுடையது என்று நினைத்து மற்ற மீன்களின் செதிலையும் துடுப்பையும் பிய்த்துவிடும்.

ஏழில் ஐந்து போய்விட்டன. மிச்சம் கோமாளி மீன் இரண்டு.

"ரெண்டே ரெண்டா?" என்றாள் சிறுமி.

"ரெண்டு போதும் தாயி. அது ரெண்டும் புருசன் பொஞ்சாதி" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் கோமாளி மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான கடல் மீன் அரிது. வளர்ந்த கோமாளி மீன் தன் சாமந்தியை விட்டு அதிக தூரம் போவதில்லை. சாமந்தியின் கொட்டும் கைகள் மற்ற மீன்களை அண்டவிடாது. இதை மட்டும் ஒன்றும் செய்யாது. வாழ்நாள் முழுவதும் ஒரு கட்டில் அகலத்துக்குள் வாழும் மீன், 3 அடித் தொட்டியில் அடைபட்டதாகத் தவிக்காது. இன்னொரு விசேஷம், இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்குகின்றன. ஒரு சாமந்தியில் உள்ள கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண். மற்றவை வளராமல் காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாகிவிடும், வரிசையில் அடுத்தது ஆணாகும். ஆகவே ஆண் எது, பெண் எது என்று கடையில் தேடவேண்டாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குஞ்சுகளை, ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது என்று வாங்கிச் சேர்த்து விட்டால் அவையே முடிவு செய்துகொள்ளும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் அதை அந்த ஜோடி அடித்தே கொன்றுவிடும்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இயற்கையாக உள்ள கோமாளி மீன் 'செபே' வகை. அது ஒரு சாண் அளவுக்கு நெருங்கி வளரும், முரடும் கூட. அதை விட்டால் அந்த ஜோடியோடு தொட்டியை மூடிவிடுவது நல்லது. அந்தமான் பக்கத்து 'ஒசிலாரிஸ்' வகைதான் படத்தில் வரும் மீன் போல இருக்கும், 8, 9 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், குணமும் மென்மை. குஞ்சுப் பொரிப்பகங்களில் இவ்வகை ஏராளமாக உற்பத்தியாகிறது. வீட்டுக்கு இதுவே ஏற்றது.

கடல் சாமந்தியையும் அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். கடலில் அது காவலுக்கு. தொட்டியில் எதிரியே இல்லாதபோது காவல் எதற்கு? சாமந்திக்கு வெயிலுக்கு நிகரான விளக்கு வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து போய் மோட்டாரில் சிக்கிச் சிதையும். ஒரே இரவில் முழுத் தண்ணீரும் கெடும். பொரிப்பகக் குஞ்சுகள் பெரும்பாலும் சாமந்தியைப் பார்க்காமலே வளர்ந்தவை. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதையே வீடாக்கிக்கொள்ளும்.

சிறுமியின் முகம் வாடியதைப் பார்த்துப் பெரியவர் உளுவையைப் பற்றிச் சொன்னார். பார் ஓரத்து மணலில் ஒரு வகைச் சிற்றிறால் வளை தோண்டிக்கொண்டே இருக்கும். அதற்குக் கண் பார்வை மிகக் குறைவு. வளை வாசலில் ஓர் உளுவை காவல் நிற்கும். இறால் மணலை வெளியே தள்ள வரும்போதெல்லாம் தன் மீசையில் ஒன்றை உளுவையின் மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலை ஆட்டும். இரண்டும் உள்ளே ஓடிவிடும். தோண்டுகிறவருக்குக் காவல், காவல்காரருக்கு வீடு. இறாலின் ஒரு கொடுக்கு பெரிதாக இருக்கும். அதைச் சொடுக்கினால் கண்ணாடியில் கல் பட்டது போலச் சத்தம் வரும். இந்த ஜோடிக்கும் தேவை இரண்டு கை அகல மணல்தான். கோமாளி மீன் கல்லோரத்தில், உளுவை மணலில். ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவதில்லை. சண்டைக்குக் காரணமே இல்லை.

இதுதான் தேர்வின் அடிப்படை. நிறத்தைப் பார்த்து மீன் வாங்கக் கூடாது; பாரில் அதன் வீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். சிறு தொட்டிக்கு ஏற்றவை வாழ்நாள் முழுக்க சிறு இடத்தில் வாழ்பவை மட்டுமே. அவற்றிலும் ஒரே இடத்துக்கு, ஒரே தீனிக்குப் போட்டியிடும் இரண்டைச் சேர்க்கக் கூடாது. உருவமும் நிறமும் ஒத்த மீன்கள்தான் அதிகம் அடித்துக்கொள்ளும். துவரையும் கடலையும் ஒரே வயலில் வளர்கின்றன என்றால், ஒன்று உயரத்தில் நிற்கிறது, ஒன்று தரையில் படர்கிறது என்பதனால்தானே.

டாம்செல் இனத்தில் சில வகைகள் பாறையில் பாசித் தோட்டமே போடுகின்றன. தனக்கு வேண்டிய பாசியை விட்டுவிட்டு, வேண்டாததைக் களை பறிப்பது போல வாயால் பிடுங்கி எறியும். தோட்டத்தின் பக்கம் வரும் மீன், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிதானாலும் விரட்டும். மூழ்கிப் பார்க்கும் மனிதரையே கொத்த வரும். விவசாயிகளுக்கு இந்த மீனின் கோபம் நன்றாகப் புரியும். ஆனாலும் வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம்.

உள்ளூர் வலையில் படும் மற்ற மீன்களையும் சிலர் உயிரோடு வாங்கிவந்து விட்டுப் பார்க்கிறார்கள். கிளாத்தி இறாலையும் நத்தையையும் நொறுக்கித் தின்னும். பேத்தை மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். களவாய்க் குஞ்சு வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். அதன் வாய் வாரத்துக்கு வாரம் பெரிதாகும். அஞ்சாலை இரவில் தொட்டியை விட்டே வெளியேறும். ஓரா பாசி தின்னும் சாது, ஆனால் அதன் முள் குத்தினால் கை வீங்கிவிடும், உடம்பும் பெரிதாகும். எதுவும் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 56 லிட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டால் 40, 45 லிட்டர். உப்புநீருக்கு இது போதாது. தண்ணீர் குறையக் குறைய தவறு செய்ய இடமும் குறையும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். மணல், கல் போக 150 கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதற்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. இந்தத் தொட்டிக்கு ஒசிலாரிஸ் ஜோடி, இறாலோடு ஓர் உளுவை, நடுத்தண்ணீரில் அமைதியாக நிற்கும் கார்டினல் மீன் ஒன்று அல்லது ஒரு ஜோடி, பாசி மேயச் சில நத்தைகள். அவ்வளவுதான். தொட்டி காலியாக இருப்பது போலத் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

விடும் வரிசை முக்கியம். புது மாட்டைப் பழைய மாடுகள் கட்டியிருக்கும் தொழுவத்தில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் குடியேறிய மீனுக்குத் தொட்டி சொந்தமாகிவிடும். ஆகவே பயந்த மீன் முதலில், துணிச்சலான மீன் கடைசியில். உளுவையும் இறாலும் முதலில் போய் வளை தோண்டி நிலைக்கட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து கார்டினல். அதற்கும் பிறகு கோமாளி ஜோடி. அப்படியும் ஏதாவது ஒன்று மற்றதை விரட்டினால் கற்களைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கிப் பாருங்கள். எல்லை அழிந்ததும் எல்லாரும் புதிதாக இடம் தேட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் சண்டை தணியும். கல் அடுக்கும்போது மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே நிறுத்த வேண்டும். இறால் அடியில் தோண்டினால் கல் சரிந்து மீன் நசுங்கும், கண்ணாடியும் உடையும். மேலே கொசுவலை மூடி கட்டாயம். உளுவை துள்ளி வெளியே விழும்.

முன்பு சொன்ன முகாமின் பழக்கத்தை மீனுக்கும் கைக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாமல், காற்று மோட்டார் வைத்த தனித் தொட்டியில் 3, 4 வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புநீர் வெண்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் தொட்டி முழுவதும் பரவும். பிறகு மருந்து போடவும் வழியில்லை. அந்த நோய்க்குப் போடும் தாமிர மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

தாமிரம் என்றதும் விவசாயக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. மயில்துத்தமோ காப்பர் பூஞ்சாணக்கொல்லியோ கலந்த கையோடு தொட்டியில் கை விடக் கூடாது. செயற்கைப் பைரித்திராய்டு பூச்சிமருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. தெளித்துவிட்டு வந்த நாளில் தீனி போடும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கவே வேண்டாம். தெளிப்பான் கழுவிய வாளியை மீனுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

மீன் விடும் முன் தொட்டி பழுக்க வேண்டும். இதுவும் விவசாயிக்குத் தெரிந்த விஷயம்தான். யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகிறது. தொட்டியில் மீனின் கழிவுக்கும் இதே வழி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவு கெடுதல் இல்லை. மண்ணில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் நாம்தான் தண்ணீரை மாற்றி வெளியேற்ற வேண்டும். கல்லிலும் மணலிலும் அந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு மோட்டாரை ஓடவிட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் என்று காட்டிய பிறகே முதல் மீன். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கொடுத்தனுப்பும் கடைக்காரர் மறு வாரம் இன்னொரு மீன் விற்கப்போகிறார் என்று அர்த்தம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சமையல் உப்பையோ உப்பளத்து உப்பையோ கரைத்தால் சரிவராது. கால்சியம், மெக்னீசியம் போன்றவை கடலில் உள்ள விகிதத்தில் அதில் இல்லை. மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்பு வேண்டும். 150 லிட்டருக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல். கோடையில் தினமும் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே வற்றியதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. இராமநாதபுரம் மாவட்டத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்; ஆர்.ஓ. தண்ணீரே பாதுகாப்பு. கழிவு நீக்க வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது மட்டும் உப்பு கரைத்த நீர்.

வெயிலும் மின்தடையும்தான் நம் ஊரில் உண்மையான எதிரிகள். இந்த மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. கடலில்கூட 2010-லும் 2016-லும் கடல் நீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப்போயின. 2019 செப்டம்பரில் கடல் பச்சையாக மாறி, நுண்ணுயிர் பெருக்கத்தால் ஆக்சிஜன் குறைந்து பார் மீன்கள் செத்து மிதந்தன. அத்தனை பெரிய கடலுக்கே அந்த நிலை. ஓட்டு வீட்டில் சித்திரை மாதத்தில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் 2, 3 டிகிரி குறையும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். இரவு முழுக்க மின்சாரம் போகும் ஊர் என்றால் இந்தத் தொட்டியை யோசிக்கவே வேண்டாம். கப்பி வளர்ப்பதே மேல். அதில் குறைவொன்றும் இல்லை.

பட்டியலில் கடைசியாக இருந்தது பவளக் கல். பெரியவர் அதைக் கேட்டதும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்த கல்லாக இருந்தாலும் வாங்குவதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ஒரு காலத்தில் இந்தக் கரையில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். அந்தப் பார்கள் இன்னும் முழுதாகத் தேறவில்லை. வீட்டுத் தொட்டிக்குச் சுட்ட மண் ஓடு, மண்சட்டி, பீங்கான் கல், சிமென்டில் வார்த்த கல் போதும். சிமென்ட் கல்லைப் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் காரம் ஏறி மீன் தாங்காது. சில மாதத்தில் எந்தக் கல்லிலும் பாசி படர்ந்து பார் போலவே ஆகிவிடும்.

மீனையும் பொரிப்பகத்தில் பிறந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். கடலில் பிடித்த மீன் வரும் வழியிலேயே பாதி செத்திருக்கும். வந்ததும் உலர் தீனியைத் தொடாது. பொரிப்பகக் குஞ்சு முதல் நாளே தீனிக்கு வாய் திறக்கும், தொட்டிக்குப் பழகியது. கடையில் தீனி போடச் சொல்லிப் பார்த்து, தின்னும் மீனை மட்டும் எடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் 10 ஆண்டுக்கு மேலும் வாழும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு தீனி போடப்போவது யார் என்பதையும் வாங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

ஏதோ காரணத்தால் தொட்டியை எடுத்துவிட நேர்ந்தால் மீனைக் கடலிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடக் கூடாது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இன்று தமிழ்நாட்டுக் குளங்களில் பெருகி, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கடற்கரையில் தொட்டிகளிலிருந்து தப்பிய சிங்க மீன் அந்தக் கடலின் குஞ்சுகளையெல்லாம் விழுங்கிவருகிறது. விற்ற கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

மண்டபம் போகிறவர்கள் ரயிலிலோ பேருந்திலோ மண்டபம் முகாமில் இறங்கினால் ஆராய்ச்சி மையம் பக்கம்தான். விடுமுறை நாளும் பார்வை நேரமும் மாறும் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்த மீன் பட்டியல் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அட்வான்ஸை மட்டும் திரும்பி வந்து கொடுங்கள்.